வூட்டுல நிறுத்தாதீங்க

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தவன் இல்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் இல்லை. திட்டக்குடிப் பக்கத்திலிருந்து ஒற்றை வேட்டியோடு விருத்தாசலம் வந்தேன். மண் சுமந்தேன், மண் மிதித்தேன், அடுத்தவன் சூளையில் சாம்பல் அள்ளினேன். அறுபத்து நாலாம் வருஷம் என் பெயரில் பட்டறை போட்டேன். பீங்கான் அமிர்தசாமி என்று கேட்டால் ஜங்ஷனில் இறங்குகிறவனுக்கு மாட்டு வண்டிக்காரன்கூட வழி சொல்லுவான். என் ஊறுகாய் ஜாடி கும்பகோணம் வரை போகிறது. என் பியூஸ் கட்டை எத்தனையோ வீட்டுச் சுவரில் மின்சாரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. ஆனாலும் உன் பட்டறையிலேயே உயர்ந்தது எது என்று யாராவது கேட்டால் நான் ஜாடியைக் காட்டமாட்டேன். திரௌபதியைக் காட்டுவேன்.

அவளுக்குச் சொந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. கல்யாணமாகி இங்கே வந்த கையோடு என்னிடம் வேலைக்குச் சேர்ந்தாள். சுடுவதற்கு முன்னால் ஜாடியை, பளபளப்புப் பூச்சு கரைத்து வைத்த கிளேஸ் தொட்டியில் முக்கி எடுக்கிற வேலை. பார்ப்பதற்கு லேசு. விரல் பட்ட இடத்தில் பூச்சு ஒட்டாது, சுட்ட பிறகு அந்த இடம் வடுவாகத் தெரியும். திரௌபதி முக்கி எடுத்த ஜாடியில் வடு கண்டுபிடித்த வியாபாரி இதுவரை பிறக்கவில்லை. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் கையை எடை போடுகிறவன் நான். அதனால்தான் அவளை எடுத்தேன். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"மெதுவா முக்கும்மா, ஒடஞ்சிடப் போவுது" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன்.

"ஒடஞ்சா எங்கூலியில புடிச்சிக்குங்க மொதலாளி. ஒடையலன்னா கூடப் போட்டுக் குடுப்பீங்களா?" என்றாள்.

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். கூடப் போட்டுக் கொடுக்கவில்லை.

அவள் புருஷன் கொளஞ்சியப்பன் என் சூளைக்குத் தீ போடுகிறவன். முந்திரி விறகை அடுப்பு வாயில் எப்போது தள்ள வேண்டும், எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவன் பொறுப்பு. தீக்கு முன்னால் நிற்கிற உடம்புக்கு ஏதாவது வேண்டும் என்று சொல்லிக் குடிக்க ஆரம்பித்தான். அப்போது மதுவிலக்கு இருந்தது. சட்டப்படி ஊரில் சொட்டுச் சாராயம் கிடையாது; மணிமுத்தாற்றங்கரை வேலங்காட்டில் மட்டும் பானை பானையாகக் கிடைத்தது. வருஷம் போகப் போக, காலையில் எழுந்ததும் ஒரு தம்ளர் உள்ளே போனால்தான் கை நடுங்காமல் நிற்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டான். அந்தத் தம்ளர் போன பிறகு அவனைப் போல வேலை செய்ய ஆள் இல்லை என்பதும் உண்மை.

திரௌபதி சண்டை போட்டுப் பார்த்தாள். பிறந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தாள். எதுவும் நடக்கவில்லை. அறுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதத்தில் மணவாளநல்லூருக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது, சொல்லிவிடுகிறேன். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது போலவே, யார் மேல் என்ன குறை என்று தாளில் எழுதிக் கொடுக்கலாம். சாமி காலடியில் வைத்து வாங்கி முனியப்பர் சன்னதியில் வேலில் கட்டிவிடுவார்கள். பிறகு முனியப்பர் விசாரித்துத் தண்டிப்பார் என்பது நம்பிக்கை. குறை தீர்ந்ததும், கட்டினவரே போய் வாபஸ் வாங்க வேண்டும். மற்றவர் வாங்க முடியாது. நான் வேதக்காரன், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குத் தவறாதவன். ஆனால் கூப்பிட்டால் நான்கு கொளஞ்சி திரும்பிப் பார்க்கிற பட்டறையில் இதெல்லாம் தெரியாமல் தொழில் நடத்த முடியாது.

கோயிலில் பிராது எழுதுகிறவரிடம் திரௌபதி சொன்னது இவ்வளவுதான்: "எம் புருஷன் இனிமே சாராயத்தத் தொடக் கூடாது. மீறித் தொட்டா நீங்க பாத்துக்குங்க சாமி."

வீட்டுக்கு வந்து புருஷனிடமும் சொன்னாள். கொளஞ்சியப்பன் அந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டு பிறந்து, அந்தப் பெயரையே சுமக்கிறவன். வைத்திருந்த புட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தான். அத்தோடு நிறுத்திவிட்டான்.

மறுநாள் திரௌபதி கிளேஸ் தொட்டியருகே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். "எங்க வூட்டுக்காரரு நிறுத்திட்டாரு மொதலாளி" என்றாள். பட்டறையில் இருந்த பெண்கள் எல்லாரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கொளஞ்சியப்பன்தான் ஒரு மாதிரியாக இருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சோற்றை உருட்டி வாய்க்குக் கொண்டு போவதற்குள் பாதி கீழே விழுந்தது. யாராவது பின்னால் நடந்தால் தூக்கிவாரிப் போட்டது. திருந்துகிற உடம்பு கொஞ்சம் முரண்டு பிடிக்கத்தான் செய்யும், சரியாகிவிடும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

அதற்கும் மறுநாள் சூளைக்குத் தீ மூட்டி, விறகு எடுக்கக் குனிந்தவன் அப்படியே விழுந்தான். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. ஓடி வந்தவர்கள் கையில் கிடைத்த சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார்கள். சாவிக்கொத்துப் பூட்டைத்தான் திறக்கும் என்பது அன்றைக்கு எங்களுக்கு உறைக்கவில்லை.

ரயில்வேயில் வேலை பார்க்கும் அவன் அண்ணன் தங்கதுரைக்கு ஆள் போய், அவன் வந்து சேர்ந்தான். வந்ததும் வராததுமாக, "முனியப்பரு அறஞ்சிட்டாரு" என்றான்.

"குடிச்சாத்தான அறையணும்? இவருதான் நிறுத்திட்டாரே" என்று கிளேஸ் தொட்டிப் பெண் ஒருத்தி கேட்டாள்.

"பழசுக்கும் சேத்து அறையறாரு. வண்டியப் பூட்டு, மணவாளநல்லூரு போவணும்."

நான் விடவில்லை. "கோயிலு நாளைக்கும் அங்கயேதான் இருக்கும். இவன் மூச்சு இருக்குமான்னு எனக்குத் தெரியாது. மொதல்ல ஆஸ்பத்திரி" என்றேன். என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேச அன்றைக்கு அங்கே ஆள் இல்லை. மண் ஏற்றுகிற வண்டியில் வைக்கோலைப் போட்டு அவனைக் கிடத்தச் சொல்லிவிட்டு, நான் சைக்கிளில் முன்னால் பறந்தேன். பங்குக் கோயிலுக்குப் பின்னால் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரியில் எனக்குச் செல்வாக்கு உண்டு. அவர்களுக்குத் தட்டும் குவளையும் கொடுத்தவன் நான். வண்டி போய்ச் சேர்வதற்குள் கட்டில் தயாராக இருந்தது. ஆளை உள்ளே சேர்த்ததும் நான் பட்டறைக்குத் திரும்பினேன். மூட்டின சூளையை அநாதையாக விட முடியாது.

நான் சைக்கிளில் முன்னால் போனபோது வண்டியில் என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தங்கதுரை திரௌபதியிடம் சொல்லியிருக்கிறான்: "அங்க குடிப்பேச்ச எடுக்காத. எடுத்தா டாக்டரு போலீஸுக்கு எழுதிடுவாரு. போலீஸு வந்தா, எவன் காச்சறான், எவன் குடிக்கறான்னு தெருவையே அள்ளிக்கிட்டுப் போவான். என்னோட ரயில்வே உத்யோகமும் போயிடும்." திரௌபதியும் தலையாட்டிவிட்டாள். குடித்தாலே சிறை என்ற காலம். அவளும் வேறென்ன செய்வாள்.

டாக்டர் சீதாராமன் சின்ன வயசு, சிதம்பரத்துப் பக்கம். நான் கிளம்பின பிறகு வந்து அவர் கேட்ட முதல் கேள்வியே, "குடிப்பழக்கம் உண்டா?" என்பதுதான்.

"ஐயோ சார், டீகூடக் குடிக்க மாட்டான்" என்றான் தங்கதுரை.

டாக்டர் என்ன செய்வார் பாவம். காய்ச்சல் அடிக்கிறது, வலிப்பு வந்திருக்கிறது. மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், மறுநாளும் இப்படியே இருந்தால் கடலூருக்கு அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லி, அதற்குத் தக்க மருந்தைக் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் நான் போனபோது, வராந்தா வரைக்கும் கொளஞ்சியப்பன் குரல் கேட்டது. உள்ளே போனால் கட்டிலில் மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறான். கண் நிலைகுத்தி இருக்கிறது. ஒரு கை பக்கவாட்டில் எதையோ எடுக்கிறது, இரண்டு கையும் சேர்ந்து முன்னால் தள்ளுகிறது, பிறகு முகத்தை ஒதுக்கிக்கொள்கிறான். மறுபடி எடுக்கிறான், தள்ளுகிறான். "விறகு கொண்டாங்கடா. வாயி அணையுது, வாயி அணையுது" என்று கத்துகிறான். சுவரில் பூரான் ஊர்கிறது என்கிறான். திரௌபதியைப் பார்த்து, "யாரு இது, சூளைகிட்ட பொம்பளைய வுட்டது யாரு?" என்கிறான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

நர்ஸ் உபகாரமேரி அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வயசான கன்னியாஸ்திரி, கை இரும்பு மாதிரி. நான் பார்த்ததும் புரிந்துகொண்டேன். "சிஸ்டர், இவன் சூளைக்குத் தீ போடறான்" என்றேன்.

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வேல செய்யறாரா?"

"அதே வேலதான். கொஞ்சங்கூடப் பிசகல."

"நான் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஒரு தையக்காரர கொண்டாந்தாங்க" என்றாள் சிஸ்டர். "இல்லாத துணிய நாள் பூரா தச்சிக்கிட்டிருந்தாரு. நெறைய குடிச்சிட்டு, திடீர்னு நிறுத்துனவரு." பிறகு திரௌபதி பக்கம் திரும்பினாள். "ஏம்மா, இவரு குடிப்பாரா?"

"அதான் நேத்தே சொன்னமே" என்றான் தங்கதுரை.

நான் வாயைத் திறப்பதற்குள் திரௌபதி சுவரை விட்டு முன்னால் வந்துவிட்டாள்.

"குடிப்பாரு சிஸ்டர். தெனம் குடிப்பாரு. காலையில பல்லு வெளக்கறதுக்கு முந்தி குடிப்பாரு."

"ஏய்" என்றான் தங்கதுரை.

"நீங்க சும்மா இருங்க மாமா. போலீஸு வந்தா எங்கையில வெலங்க மாட்டட்டும்." அவள் சிஸ்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான்தான் பிராது கட்டுனன். அன்னிக்கிலேருந்து தொடல. தொடாதவருக்கு இப்பிடி ஆயிடுச்சி. நான்தான் ஆளக் கொன்னுட்டன்."

சிஸ்டர் அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்க நிற்கவில்லை. டாக்டரைக் கூப்பிட ஓடிவிட்டாள்.

சீதாராமன் வந்து, எவ்வளவு குடிப்பான், எத்தனை வருஷமாக, கடைசியாக எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். திரௌபதி ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்ததும் டாக்டர் தங்கதுரையைப் பார்த்து, "டீகூடக் குடிக்க மாட்டாரா?" என்றார். தங்கதுரை கூரையைப் பார்த்தான்.

"போலீஸ் வேலை போலீஸுக்கு. எனக்கு இவர் நோயாளி" என்றார் டாக்டர். பிறகு திரௌபதியிடம், "நீ கொல்லலைம்மா. நிறுத்தினது நல்ல காரியந்தான். நிறுத்தின இடந்தான் தப்பு. இத்தனை வருஷம் தினமும் ஊத்தி ஊத்தி இவர் மூளை அதுக்குப் பழகிப் போச்சு. ஒரே நாளில் அதை எடுத்துட்டா மூளை கட்டறுந்த மாடு மாதிரி ஓடும். நடுக்கம், வலிப்பு, இப்போ இது. மருந்து கொடுத்து, பக்கத்திலேயே இருந்து பார்த்து, கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும். இல்லேன்னா உயிருக்கே ஆபத்து. நீ இப்ப சொன்னதால எனக்கு வழி தெரிஞ்சுடுத்து" என்றார்.

அப்புறம் அந்த அறையே மாறியது. முதலில் வைட்டமின் ஊசி, பிறகு குளுக்கோஸ் பாட்டில். தூங்க வைக்க இன்னொரு ஊசி. அதன் பெயர் என் வாயில் நுழையாது, ஆனால் அதன் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வெளிச்சம் வரச் செய்தார்கள். நிழல் ஆடினால் பயம் கூடும் என்று தொங்கிக்கொண்டிருந்த துணியெல்லாம் எடுத்தார்கள். கூட்டத்தைக் கலைத்தார்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று திரௌபதியை மட்டும் உட்கார வைத்தார்கள். சிஸ்டர் வருவாள், நாடி பார்ப்பாள், காய்ச்சல் பார்ப்பாள், எழுதுவாள், போவாள், மறுபடி வருவாள்.

மறுநாள் காலையில் நான் எட்டிப் பார்க்க வந்திருந்தபோது தங்கதுரை இரண்டு ஆட்களோடு வந்து நின்றான்.

"ஏம்மா, கட்டுனவ நீ. நீ வந்து வாபஸ் வாங்குனாத்தான் முனி எறங்கும். வண்டி நிக்குது. அவனையும் தூக்கிக்கிட்டுப் போவலாம்."

"அசைக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு மாமா."

"டாக்டருக்கு முனியத் தெரியுமா?"

"தெரியாது. முனிக்கு ஊசி போடத் தெரியுமா?"

அடுத்த கட்டில்காரன் சிரித்துவிட்டான். தங்கதுரைக்கு முகம் சிவந்தது.

"சாமியக் கேலி பண்ணு. நாளைக்கி அவன் செத்தான்னா பொண்டாட்டிதான் கொன்னான்னு ஊரு பேசும். நானும் பேசுவன்."

அந்த வார்த்தை அவளைத் தைத்தது. எனக்கே தெரிந்தது. கட்டிலைப் பார்த்தாள். அவள் பயந்ததும் அதற்குத்தானே. தங்கதுரையோடு போனால், செத்தாலும் பழி சாமி மேல் போகும். இங்கேயே இருந்து செத்தால் பழி அவள் மேல். வண்டி வாசலில் நிற்கிறது, இரண்டு ஆள் தயாராக நிற்கிறார்கள், டாக்டர் வேறு அறையில் இருக்கிறார். அவள் சரி என்று தலையை அசைத்தால் போதும்.

"பேசுங்க" என்றாள். "பிராது எம்பேர்லதான் கெடக்குது. நான் எங்க இருக்கறன்னு சாமிக்குத் தெரியும். அவருக்கு அவசரம்னா இங்க வரட்டும். இந்தக் கட்டில வுட்டு நான் நவுர மாட்டன். இவரத் தூக்கணும்னா என்னத் தூக்கிக் கீழ போட்டுட்டுத் தூக்குங்க."

வந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வெளியே போய் பீடி பற்ற வைத்தார்கள். தங்கதுரையும் போய்விட்டான். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை, வராந்தாவிலேயே உட்கார்ந்துகொண்டான். உள்ளே கிடப்பது தம்பி அல்லவா.

அன்று சாயங்காலம் கொளஞ்சியப்பனுக்கு மறுபடியும் பிதற்றல் ஏறியது. குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கப் போனான். "இன்னும் வேவல, இன்னும் வேவல" என்று விறகு தள்ளிக்கொண்டே இருந்தான். சிஸ்டர் ஊசி போட்டாள். நான் கட்டிலுக்கு எதிரில் போய் நின்றேன். பட்டறையில் எப்படிக் கூப்பிடுவேனோ அப்படியே கூப்பிட்டேன்.

"கொளஞ்சி, போதும்டா. நான் பாத்துட்டன். ஜாடியெல்லாம் வெந்துடுச்சி. சூளை வாய அடச்சிட்டுப் படு."

என் குரலுக்கு அவன் கை நின்றது. "வெந்துடுச்சா மொதலாளி?" என்றான். சூளை வாயைச் சேறு அப்பி அடைப்பது போல உள்ளங்கையால் தலையணையை நாலு தட்டுத் தட்டினான். பிறகு அதன் மேலேயே சாய்ந்து தூங்கிவிட்டான்.

ஊசி அப்போதுதான் பிடித்தது என்றாள் சிஸ்டர். நான் டாக்டரிடமே கேட்டேன், ஊசியா நானா என்று. அவர் சிரித்துக்கொண்டே, "பாதிப் பாதி வெச்சுக்கலாம்" என்றார். படித்த மனிதர் பாதி ஒப்புக்கொண்டதே பெரிசு என்று நான் விட்டுவிட்டேன்.

நீண்ட தூக்கத்துக்குப் பிறகு எழுந்தவன் திரௌபதியை அடையாளம் கண்டு, "நீ வேலைக்கிப் போவலியா?" என்றான். பட்டறைக்கு நான்கு நாளாகச் சிரிப்பு இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? இந்தக் கேள்வியை அவள் வந்து நடித்துக் காட்டிய பிறகுதான் எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் பச்சையும் கறுப்புமான ஒரு கேப்சூலை நாளுக்கு நாள் குறைத்துக் குறைத்துக் கொடுத்தார்கள். தினமும் காலையில் சிஸ்டர் அவன் கையை நீட்டச் சொல்லி, விரல்மேல் ஒரு தாளை வைப்பாள். தாள் படபடவென்று ஆடும். நாளாக ஆக ஆட்டம் குறைந்தது. ஒரு நாள் தாள் அசையாமல் கிடந்தது. சிஸ்டர் அதை எல்லாக் கட்டில்காரர்களுக்கும் காட்டினாள்.

நான் பார்க்கப் போனபோது அவன் கேட்டது சூளையைத்தான். "எத்தினி ஒடஞ்சுது மொதலாளி?"

"ஒண்ணுகூட இல்ல. நான் போட்ட தீயி" என்றேன். கொஞ்சம் உடைந்திருந்தது. நோயாளியிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் திரௌபதியைத் தனியாக அழைத்துச் சொன்னார்: இனி ஒரு சொட்டும் கூடாது, அப்படியும் எப்போதாவது திரும்பிப் பழகிவிட்டால், வீட்டில் வைத்து ஒரே நாளில் நிறுத்தாதே, இங்கே கொண்டு வா, இங்கே நிறுத்தலாம். ஊருக்குள்ளும் யாராவது அப்படி நிறுத்தி நடுங்கினால் இதையே சொல் என்றார். திரௌபதி அதை மனப்பாடம் செய்துகொண்டாள். புருஷனும் பெண்டாட்டியுமாக மணவாளநல்லூர் போய்ப் பிராதை வாபஸ் வாங்கினார்கள். முனியப்பர்தான் காப்பாற்றினார் என்று தங்கதுரை இன்றைக்கும் சொல்லுவான். சொல்லட்டும். டாக்டரும் நானும் பாதிப் பாதி வைத்திருப்பதில் முனியப்பருக்கும் ஒரு பங்கு கொடுப்பதில் எனக்கு நஷ்டமில்லை.

எழுபத்தொன்றில் மதுவிலக்கை எடுத்துவிட்டு ஊரெல்லாம் கடை திறந்தார்கள். பட்டறைக்குப் போகிற வழியிலேயே ஒன்று. கொளஞ்சியப்பன் கொஞ்ச காலம் தாக்குப் பிடித்தான். பிறகு விழுந்தான். இதை எழுதாமல் விட்டால் நான் பொய்யன். ஆனால் இந்த முறை திரௌபதி பிராதும் கட்டவில்லை, புட்டியையும் உடைக்கவில்லை. ரிக்ஷாவைக் கூப்பிட்டு, "ஏறு. மேரி சிஸ்டர்கிட்ட போயி நிறுத்திக்கலாம்" என்றாள். முதல் நாளிலிருந்தே மருந்து, முதல் நாளிலிருந்தே கவனிப்பு. வலிப்பு வரவில்லை, பூரான் ஊரவில்லை. கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு இன்று வரை அவன் தொடவில்லை.

எழுபத்து நாலில் மறுபடி கடைகளை மூடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. பெண்களுக்குக் கொண்டாட்டம். பெரிய கோயிலில் விளக்கு ஏற்றினார்கள், பொங்கல் வைத்தார்கள். திரௌபதி மட்டும் கிளேஸ் தொட்டியை விட்டு எழுந்து என்னிடம் வந்தாள்.

"மொதலாளி, ரெண்டு மூணு நாளு லீவு வேணும்."

"எதுக்கு? பொங்கல் வெக்கவா?"

"கடைய மூடிட்டாங்கன்னா அத்தினி பேரும் ஒரே நாளுல நிறுத்துவாங்க மொதலாளி. எவன் எவனுக்குக் காலையில கை நடுங்குதோ அவனெல்லாம் விழுவான்."

இந்த ஊரில் தாசில்தார் முதல் தலையாரி வரை ஒருவருக்கும் தோன்றாதது அது. எனக்கும் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. லீவு கொடுத்தேன், சம்பளத்தோடு கொடுத்தேன். பட்டறை வண்டியையும் கொடுத்தேன்.

வீடு வீடாகப் போனாள். லாரியில் மூட்டை ஏற்றுகிறவன் ஒருவன் வீட்டில் அவன் பெண்டாட்டி கொளஞ்சியம்மாள் துடைப்பத்தோடு வாசலில் நின்றாள். இதைக் கொளஞ்சியம்மாளே பிறகு என்னிடம் சொன்னாள்.

"ஊரே கடைய மூடிட்டாங்கன்னு சந்தோசத்துல இருக்குது. நீ எவடி, வூட்டுல நிறுத்தாதீங்கன்னு சொல்லிக்கிட்டு வர? கடக்காரன் ஒனக்கு ஏதாவது குடுத்தானா?"

"நிறுத்தத்தான் சொல்றன் அக்கா. வூட்டுல வச்சி நிறுத்தாதீங்கன்னு சொல்றன். ஒங்க வூட்டுக்காரருக்குக் காலையில கை நடுங்குமா?"

"நடுங்கும்."

"தம்ளரு கையில நிக்குமா?"

"குடிச்சிட்டா நிக்கும்."

"அப்ப வண்டியில ஏறச் சொல்லு. நானே கூட வரன்."

கொளஞ்சியம்மாள் துடைப்பத்தை வாசலிலேயே போட்டுவிட்டு, புருஷனை ஏற்றித் தானும் வண்டியில் ஏறினாள். இரண்டாம் முறை வந்தபோது வண்டியில் இடம் போதவில்லை. தங்கதுரை பின்னால் நடந்து வந்தான். அவனே தன் ரயில்வே கூட்டாளி ஒருவனைத் தோளில் சாய்த்துக் கூட்டி வந்தான். ஆஸ்பத்திரியில் கட்டில் தீர்ந்து, வராந்தாவில் பாய் போட்டார்கள். சீதாராமன் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். புது டாக்டர் வந்த கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார். திரௌபதி ஒவ்வொருவராக அவர் முன்னால் நிறுத்தி, யார், எத்தனை வருஷக் குடி, கடைசியாக எப்போது குடித்தது, முன்னால் வலிப்பு வந்ததா இல்லையா என்று மறைக்காமல் சொன்னாள். ஆட்களும் மறைக்கவில்லை. திரௌபதி நிற்கும்போது மறைத்துப் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரியும். மற்றதை டாக்டரும் சிஸ்டரும் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் பட்டறை வண்டியில் போன ஒருவன்கூடப் பிணமாகத் திரும்பவில்லை. எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். எல்லாரும் உயிரோடு இருந்தார்கள்.

இப்போது எழுபத்தொன்பது. பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வது என் வழக்கம். வாசலில் என் பெயர் எழுதிய பலகை, அதற்குக் கீழே நான். சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் வந்து இறங்குகிற பெண்கள் சிலர் நேராக இங்கே வருகிறார்கள். ஜாடி வாங்க வருகிறார்கள் என்று நான் நிமிர்ந்து உட்காருவேன். போன வாரம்கூட ஒரு அம்மாள் வந்தாள். கூடவே தாடியும் நடுக்கமுமாக ஒரு ஆள். பலகையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"ஏங்க, திரௌபதி அக்கா இங்கதான் இருக்காங்களா?" என்றாள்.

இந்த ஊரில் என்னைத் தாண்டிக்கொண்டு இன்னொருவரைக் கேட்டால் நான் சும்மா இருக்கிறவன் இல்லை. ஆனால் அன்றைக்கு எழுந்து, அந்த ஆளை என் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"திரௌபதி, கையக் கழுவிட்டு வாம்மா. ஒன்னத் தேடி வந்திருக்காங்க."